ரிக்‌ஷாக்காரர் சொன்ன சாட்சி

(பிரிக்பீல்ட்ஸில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



'வரலாற்றுத் துப்பறியும் நாவல்: ஆய்வும் எழுத்தும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் எழுதியது இரண்டே நாவல்கள். மூன்றாவது பத்தாண்டாக இழுத்துக்கொண்டு கிடக்கிறது. எனவே நான் செய்த தவறுகளிலிருந்து தொடங்குகிறேன். அவற்றைப் பற்றி மட்டும்தான் தயங்காமல் பேச முடியும்.

என் முதல் நாவலின் கதை 1888இல் நடக்கிறது. கோலாலம்பூரில் கொலை செய்தவன் மாலை ரயிலேறிக் கிள்ளானில் இறங்கிக் கூட்டத்தில் கலந்துவிடுகிறான். அவனைத் தேடி நூறு பக்கம் துப்பறிகிறார்கள். வெளியீட்டு விழா முடிந்து, வடையும் காப்பியும் தீர்ந்த நேரத்தில், எண்பதைத் தாண்டிய ஒருவர் என்னிடம் வந்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர், இதே பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். கையெழுத்துக்குப் புத்தகத்தை நீட்டவில்லை.

"தம்பி, உங்க ஆளு ஆத்தை எப்படித் தாண்டுனான்?"

"ரயில்லதான் ஐயா."

"பாலம் எங்க?"

1886 செப்டம்பரில் திறந்த அந்த ரயில்பாதை ஆற்றுக்கு இக்கரையில் புக்கிட் கூடாவோடு நின்றுவிட்டது. ஆற்றுக்கு மேலே கன்னாட் பாலம் வந்து, ரயில் கிள்ளானுக்குள் நுழைந்தது 1890இல்தான். என் கொலைகாரன் புக்கிட் கூடாவில் இறங்கிப் படகுக்குக் காத்திருந்திருக்க வேண்டும். படகோட்டி அவன் முகத்தைப் பார்த்திருப்பார். துப்பறிகிறவர் அந்தப் படகோட்டியை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நாவல் நாற்பதாம் பக்கத்தில் முடிந்திருக்கும். இரண்டாம் பதிப்பில் திருத்திவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். இரண்டாம் பதிப்பு வரவில்லை.

அன்றிலிருந்து ஒரு கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறேன். எந்த ஆண்டில் எது கிடையாது என்ற கணக்கு. விரல் ரேகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கென்று ஓர் அலுவலகம் கல்கத்தாவில் திறந்தது 1897இல். அஸிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியக் காவல் அதிகாரிகள் ரேகைகளை வகைப்படுத்தும் கணக்கைப் போட்டுக் கொடுத்தார்கள். லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்கே அது 1901இல்தான் போனது. ஆகவே 1895 கிள்ளானில் யாரும் கண்ணாடித் தம்ளரைக் கைக்குட்டையால் பிடித்துத் தூக்க வேண்டாம்.

அலிபி எழுதுகிறவர்களுக்குக் கடிகாரம் இன்னும் மோசமான பகை. இந்த நாட்டில் மணியே பலமுறை இடம் மாறியிருக்கிறது. 1905 ஜூனில் கிரீன்விச்சுக்கு ஏழு மணி நேரம் முன்னே என்று வைத்தார்கள். 1933இல் இருபது நிமிடம் தள்ளினார்கள். 1941 செப்டம்பரில் இன்னும் பத்து நிமிடம். ஜப்பான்காரன் வந்ததும் தோக்கியோ நேரம் என்று ஒரேயடியாக ஒன்றரை மணி நேரம் முன்னே போனது. அந்த மூன்றரை வருடம் கோலாலம்பூரில் கடிகாரப்படி எட்டு மணி வாக்கில்தான் பொழுது விடிந்தது. "காலை ஆறு மணி, பால்மரத்தில் வெயில் பட்டது" என்று 1943ஐப் பற்றி எழுதினால் அது இன்னும் விடியாத கும்மிருட்டு. ஆனால் தோட்டத்தில் வயதானவர்கள் "அப்பயெல்லாம் பெரட்டு விடியிறதுக்கு முன்னாடியே" என்பார்கள். அவர்களுக்குத் தோக்கியோவும் கிரீன்விச்சும் ஒன்றுதான். பெரட்டுக் களத்தில் தண்டல் பேர் கூப்பிடும்போது இருட்டாக இருந்தது, அவ்வளவுதான். எழுதுகிறவன் இந்த இரண்டு கடிகாரத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

சரி, இவ்வளவு சிரமப்பட்டு எதற்காகக் கொலைக் கதை? நம்மவர்களின் வரலாற்றைச் சொல்லக் கண்ணியமான வழிகள் இருக்கின்றனவே என்று ஒரு பேராசிரியர் என்னைக் கேட்டார். இருக்கின்றன. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' இருக்கிறது, அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இருக்கிறது. அவர்களுக்கு முன்னால் நான் எழுத்தாளன் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கும். இருந்தாலும் என் பதில் வேறு இடத்திலிருந்து வருகிறது.

தேசிய ஆவணக் காப்பகத்தின் வாசிப்பு அறையில் நாலைந்து வருடம் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். சிலாங்கூர் செயலகக் கோப்புகள் என்று பெரிய குவியல். பென்சில் மட்டும்தான் உள்ளே விடுவார்கள். ஏசி எலும்புவரை இறங்கும். நான் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு போவேன், வெளியே முப்பத்து மூன்று டிகிரி. சாலை போட்டது, பாலம் கட்டியது, துரைமார் விடுமுறை கேட்டது, யானைக்குத் தீனி வாங்கியது என்று எல்லாவற்றுக்கும் கடிதம் இருக்கும். அந்தச் சாலையைப் போட்ட தமிழன் எங்கே? எண்ணிக்கையில் இருப்பான், இத்தனை தலை என்று. அவன் பேரோடு, ஊரோடு, வாயைத் திறந்து பேசிய வார்த்தையோடு வருவது பெரும்பாலும் இரண்டே இடங்களில். அவன் மேல் குற்றம் சாட்டப்பட்டால், இல்லையென்றால் அவன் அகால மரணம் அடைந்தால். மரண விசாரணைக் குறிப்பில் திடீரென்று பக்கத்து லயத்து, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டு, பெண் பேச ஆரம்பித்துவிடுவாள். அன்று என்ன சமைத்தாள், யார் எப்போது வந்தார்கள், யாருக்கு யார் கடன் என்று எல்லாம் வரும். ஐம்பது வருட அரசாங்க அறிக்கையில் கிடைக்காத ஒரு வீடு, ஒரு பிணத்தால் திறந்துகொள்கிறது. இதைக் கண்ட பிறகு எனக்கு வேறு வகை நாவல் எழுதத் தோன்றவில்லை.

இப்படிப் பிணத்துக்குக் காத்திருக்க வேண்டாத, அமெரிக்காவின் தொடக்க காலத்தை வைத்துத் துப்பறியும் நாவல் எழுதுகிறவர்களைப் பார்த்து எனக்கு ஒரே பொறாமை. மெய்ன் பகுதியில் மார்த்தா பல்லர்ட் என்று ஒரு மருத்துவச்சி இருந்தார். 1785 முதல் 1812 வரை, இருபத்தேழு வருடம், நாள் தவறாமல் குறிப்பு எழுதினார். எந்த வீட்டுக்குப் பிரசவம் பார்க்கப் போனார், கெனபெக் ஆறு எப்போது உறைந்தது, யார் யார்மேல் புகார் கொடுத்தார்கள் என்று எல்லாம் அதில் உண்டு. 816 பிரசவங்கள். வெறும் வீட்டு விவரம் என்று பலர் ஒதுக்கிய அந்தக் குறிப்பேட்டை லாரல் தாட்சர் உல்ரிக் என்ற வரலாற்றாசிரியர் எடுத்து 1990இல் நூலாக்கினார்; மறு ஆண்டு புலிட்சர் கிடைத்தது. பின்னாலேயே நாவலாசிரியர்கள் வந்தார்கள். 2023இல் ஏரியல் லாஹன் அதே மார்த்தாவைத் துப்பறிகிறவராக வைத்து, உறைந்த ஆற்றில் கிடைத்த ஒரு பிணத்தோடு கதையைத் தொடங்கினார்.

என் அப்பாயியும் மருத்துவச்சிதான். கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் எத்தனை தொப்புள்கொடி அறுத்தார் என்று அவருக்கே கணக்குத் தெரியாது. எழுதத் தெரியாது. யார் பிள்ளை யாருக்குப் பிறந்தது என்ற விஷயம் முழுக்க அவருக்குத் தெரியும். அதனால் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் கங்காணிகூட அவரிடம் குரலை இறக்கித்தான் பேசுவாராம். எல்லாவற்றையும் தன்னோடு கொண்டுபோய்விட்டார். மார்த்தாவின் குறிப்பேட்டைப் புரட்டும்போதெல்லாம் அப்பாயியின் வெற்றிலைப்பெட்டிதான் எனக்கு நினைவுக்கு வரும்.

ஆக, நமக்குக் கிடைப்பது இன்னொருவர் கையால் எழுதியது. அதை எப்படிப் படிப்பது? இங்கே நீங்கள் எல்லாரும் அறிந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

1911 ஏப்ரல் 23, ஞாயிற்றுக்கிழமை இரவு. விக்டோரியா இன்ஸ்டிட்யூஷன் அப்போது ஹை ஸ்திரீட்டில், இன்றைய ஜாலான் துன் எச். எஸ். லீயில் இருந்தது. தற்காலிகத் தலைமையாசிரியரின் பங்களா. அவர் வெளியே விருந்துக்குப் போயிருக்கிறார். ஈயச்சுரங்க மேலாளராக இருந்த வில்லியம் ஸ்டூவர்ட் ரிக்‌ஷாவில் வந்து இறங்குகிறார். ரிக்‌ஷாக்காரரைக் காத்திருக்கச் சொல்கிறார். கொஞ்ச நேரத்தில் வேட்டுச் சத்தம். ஸ்டூவர்ட் தடுமாறி வெளியே வருகிறார், பின்னாலேயே தலைமையாசிரியரின் மனைவி எத்தல் பிரவுட்லாக், கையில் ரிவால்வர். மொத்தம் ஆறு குண்டு. தன் மானத்தைக் காக்கச் சுட்டேன் என்றார் அந்த அம்மாள். ஜூரி இல்லை, ஒரு நீதிபதியும் இரண்டு அசெசர்களும் விசாரித்தார்கள். ஜூனில் தூக்குத் தண்டனை விதித்தார்கள். வெள்ளைக்காரச் சமூகம் கொதித்துப்போய் மனுவுக்கு மேல் மனு அனுப்பியது. ஜூலையில் சிலாங்கூர் சுல்தான் மன்னிப்பு வழங்கினார். எத்தல் புடு சிறையிலிருந்து வெளியே வந்து கப்பலேறிவிட்டார்.

பத்து வருடம் கழித்து மலாயா வந்த சாமர்செட் மாம் இந்தக் கதையைக் கேள்விப்பட்டு 'தி லெட்டர்' எழுதினார். அது நாடகமானது, 1940இல் பெட்டி டேவிஸ் நடித்த படமானது. அதில் எல்லாமே ஒரு கடிதத்தைச் சுற்றி நடக்கும். கோலாலம்பூரில் நடந்த உண்மை வழக்கில் அப்படி ஒரு கடிதம் கிடையாது. 2023இல் நம் நாட்டு டான் துவான் எங் 'தி ஹவுஸ் ஆஃப் டோர்ஸ்' நாவலில் இதே வழக்கை எடுத்தார். சீனப் புரட்சித் தலைவர் சுன் யாட் சென் பினாங்கில் இருந்த 1910ஓடு பொருந்துவதற்காக வழக்கை ஓராண்டு முன்னே நகர்த்திக்கொண்டார். இது சரியா என்று என்னை அடிக்கடிக் கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் என் ரயில் கதை தெரிந்தவர்கள். தெரிந்தே நகர்த்துவது கலை, தெரியாமல் நகர்த்துவது என்னைப் போன்றவர்கள் செய்வது. அவர் நகர்த்தியதில் எனக்கு வருத்தமில்லை.

வருத்தம் வேறு. இத்தனை பேர் எழுதியும் அந்த ரிக்‌ஷாக்காரரை வைத்து யாரும் எழுதவில்லையே என்பதுதான். அவர் சீனர். பெண்மணி துரத்தி வந்து சுட்டதை நேரில் பார்த்த ஆள். அவர் சாட்சி மட்டும் இல்லையென்றால் வழக்கு வேறு மாதிரிப் போயிருக்கும். ஒரு வெள்ளைக்காரப் பெண்மணிக்கு எதிராகத் தினக்கூலிக்கு வண்டி இழுக்கிறவர் கூண்டில் ஏறி நிற்கிறார். அவர் பேசுவது நீதிபதிக்குப் புரியாது. நீதிபதி கேட்பது அவருக்குப் புரியாது. இடையில் ஒருவர் நிற்கிறார். அந்த இடையில் நிற்பவர்மேல்தான் என் கண் போனது.

என் இரண்டாவது நாவலில் துப்பறிகிறவர் ஒரு நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். தமிழில் துப்பறிகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஜே. ஆர். ரங்கராஜு 1908லேயே 'ராஜாம்பாள்' எழுதிக் கோவிந்தனை இறக்கிவிட்டார். நான் சிறுவயதில் வாடகை நூலகத்தில் காசு கொடுத்துப் படித்தது தமிழ்வாணனின் சங்கர்லால். அவரைப் பார்த்துத்தான் தேநீர் குடிக்கப் பழகினேன். ஆனால் அவர்களை அப்படியே கொண்டுவந்து 1900 கிள்ளானில் இறக்க முடியாது. தனியார் துப்பறிவாளருக்கு அங்கே யார் கதவைத் திறப்பார்கள்? துரை வீட்டு முன்வாசலும் லயத்துப் பின்வாசலும் ஒரே ஆளுக்குத் திறக்க வேண்டும். தோட்ட அலுவலகக் கிராணிக்கு லயம் திறக்காது, பயப்படுவார்கள். கங்காணிக்குத் துரை வீடு திறக்காது. மருந்து கொடுக்கும் டிரஸருக்கு ஓரளவு இரண்டும் திறக்கும். அவரை நான்காவது நாவலுக்கு வைத்திருக்கிறேன், மூன்றாவது முடிந்தால். மொழிபெயர்ப்பாளர் எல்லா இடத்துக்கும் போகலாம், யாரும் அவரை ஓர் ஆளாக மதிக்காததால். அவரைப் போல எழுத்தராக வந்தவர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குப் பின்னாளில் தமிழர் தலைவரான தம்புசாமிப் பிள்ளையே சாட்சி. 1850இல் சிங்கப்பூரில் பிறந்து, முதல் ரெசிடெண்ட் டேவிட்சனோடு எழுத்தராகச் சிலாங்கூருக்கு வந்தவர்தானே?

மொழிபெயர்ப்பாளர் என்றதும் எனக்குக் கதையே கிடைத்துவிட்டது. சாட்சி சொல்கிறவன் சொல்கிறான்: "செத்தவனைப் பாத்து இவரு, 'உன்னைய பாத்துக்கிறேன்'னு சொன்னாருங்க." நம் எல்லாருக்கும் இது மிரட்டல் என்று தெரியும். பதிவேட்டில் எப்படி ஏறியிருக்கும்? 'உன்னைப் பராமரிப்பேன் என்று உறுதி கூறினார்.' எதிரி கருணையுள்ளவனாகிவிட்டான். மாறாக, தாயொருத்தி அழும்போது "நாந்தான் எம் புள்ளையக் கொன்னுட்டேன்" என்பாள். காய்ச்சல்காரப் பிள்ளையை வேலைக்கு அனுப்பிவிட்டோமே என்ற புலம்பல் அது. மொழிபெயர்த்தால் ஒப்புதல் வாக்குமூலம். என் நாவலின் முடிச்சு முழுவதும் இப்படி ஒரு வரிதான். பதினைந்து வருடம் கழித்து அந்த வரியைத் தன் கையெழுத்திலேயே திரும்பப் படிக்கிற மொழிபெயர்ப்பாளருக்குத் தூக்கம் போகிறது. கொலையாளியைக் கண்டுபிடிக்கும் முன் அவர் தன்னைக் கண்டுபிடித்துவிடுகிறார்.

இன்னொரு பதிவேட்டையும் சொல்ல வேண்டும், செக்ரோல். யார் வேலைக்கு வந்தார்கள் என்ற பேரேடு. கங்காணிக்கு அவர் ஆட்களில் வேலைக்கு இறங்கிய தலை ஒன்றுக்கு நாளைக்கு இரண்டு காசு தலைக்காசு. இப்போது 1901க்குப் போவோம். போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறந்த சில மாதத்துக்குள் சதுப்பு நிலக் காய்ச்சல் எல்லாரையும் படுக்கப் போட்டது. கிள்ளானுக்கு அந்த ஆண்டுதான் வந்து சேர்ந்திருந்த டாக்டர் மால்கம் வாட்சன் காட்டை வெட்டி, வடிகால் தோண்டி, கொசுவைக் குறைத்து ஊரைக் காப்பாற்றினார். 1911இல் அவர் எழுதிய மலேரியா நூலைத் துப்பறியும் எழுத்தாளர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். எந்தத் தோட்டத்தில் எவ்வளவு சாவு என்று அட்டவணை அட்டவணையாக வரும். கொயினா கசப்பு நாக்கில் ஏறிவிடும்.

அந்த அட்டவணைகளில் காய்ச்சல் என்று எழுதிய இடத்தில் உண்மையில் எத்தனை காய்ச்சல்? ஒரு வாரத்தில் நாலு பிணம் போகிற தோட்டத்தில் ஐந்தாவதாக ஒன்று போனால் யார் துணியை விலக்கிப் பார்ப்பார்கள்? அதற்கு நேரெதிர் குறும்பும் உண்டு. செத்தவனைச் செக்ரோலில் சாகவிடாமல் வைத்திருந்தால் அவன் தினமும் இரண்டு காசு சம்பாதித்துக் கொடுப்பான். ராமசாமி ஒன்று, ராமசாமி இரண்டு, ராமசாமி மூன்று என்று பேர் இருக்கிற ஏட்டில் எந்த ராமசாமி மண்ணுக்குள், எந்த ராமசாமி மரத்தடியில் என்று எந்தத் துரைக்குத் தெரியும்? மூடிய அறைக்குள் கொலை நடப்பதுதான் மேல்நாட்டுத் துப்பறியும் கதைக்காரர்களுக்குப் பெரிய புதிர். நமக்குத் திறந்த ஏடே புதிராக இருக்கிறது.

இனி அந்த மூன்றாவது நாவல். 1941, கிள்ளான் வேலைநிறுத்தம். 'தமிழ் நேசன்' நாளிதழில் வேலை செய்த ஆர். எச். நாதன், கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் மூலம் தொழிலாளர்களைத் திரட்டினார். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, தோட்டத்தில் கள்ளுக்கடை மூடுவது, நம் பெண்களை மேலாட்கள் தொந்தரவு செய்வதை நிறுத்துவது என்று கோரிக்கைகள். அவற்றில் ஒன்று: துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். மே மாதம் நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அவசரநிலை, படை, துப்பாக்கிச்சூடு, சாவு. சுட வந்த சிப்பாய்களும் இந்தியர்கள். ஏழெட்டு மாதத்தில் ஜப்பான்காரன் வந்துவிட்டான், எல்லாம் அதற்கு அடியில் புதைந்துவிட்டது.

கூலி உயர்வைவிட அந்தச் சைக்கிள்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. எவனோ ஒருவன் முதல்முறையாக இறங்காமல் போயிருக்க வேண்டுமே? அப்படிக் கேட்டுக்கொண்டு கிள்ளான் பக்கம் வீடு வீடாகப் போனேன். பெரும்பாலும் காப்பி கிடைத்தது. ஒரு பாட்டி மட்டும் பேசினார். வேலைநிறுத்தத்தின்போது அவருக்கு ஏழு வயது. வாசல் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார். அவர் அப்பாவுக்குச் சைக்கிள் இருந்ததாம். ஒரு நாள் காலை, பசியாறிவிட்டு, காந்தித் தொப்பி போட்டுக்கொண்டு, தோட்டச் சாலையில் துரையின் கார் வருவதைப் பார்த்தும் இறங்காமல் மணியடித்துக்கொண்டே போனார். லயத்துப் பிள்ளைகள் எல்லாம் பார்த்தார்கள்.

"அப்புறம் பாட்டி?"

"சாயங்காலம் சைக்கிள் வந்துச்சு. வேற ஒருத்தரு தள்ளிட்டு வந்தாரு."

"யாரு தள்ளிட்டு வந்தது?"

கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தார். அவர் மருமகள் உள்ளேயிருந்து வந்து, அத்தைக்கு மருந்து சாப்பிடும் நேரம் என்றார். அடுத்த மாதம் போனபோது வீடு பூட்டியிருந்தது. மூன்றாவது நாவல் அந்தச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவரிடம்தான் நிற்கிறது. இந்த அவையில் யாருடைய வீட்டிலாவது அவரைப் பற்றிப் பேச்சு இருந்திருந்தால், காப்பி குடிக்கும் இடத்தில் நான் கடைசிவரை நிற்பேன்.